வேங்கைக் கன்றுகள் காய்ந்த கோடை

எங்கள் தெருவில் அந்த வருஷம் மழையை வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். ஆரணியில் பட்டு நெய்கிறவர்களுக்கு மழை என்றாலே பேஜார். தறிக்குழியில் தண்ணீர் ஊறும். சாயம் போட்ட நூல் காயாது. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெட்டிழைகளை, விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கும்போது நாலு தூறல் விழுந்துவிட்டால் போதும், அத்தனை பேரும் தலையில் அடித்துக்கொண்டு ஓடுவார்கள். அதனால் ஐப்பசி வறண்டு, கார்த்திகையும் வறண்டு, மார்கழியில் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி கிடந்தபோது தெருவே சந்தோஷமாக இருந்தது. "இந்த வருசம் ஒரு பாவுகூட நனையல பாத்தியா" என்று பக்கத்து வீட்டுச் சித்தப்பா வாசலில் நின்று சிரித்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றலாமா என்று இருந்தது எனக்கு.

காரணம் இருந்தது. என் வீட்டுக்காரர் போளூருக்கு அப்பால் ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சரிவு முழுக்க வேங்கைக் கன்று நட்டுவிட்டு, ஒரு குடிசையில் காவல் இருந்தார். நான் ஆரணியில் என் அப்பா வீட்டில் ராட்டையில் குறுக்கிழைக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கன்றுகள் கோடையைத் தாண்டினால்தான் நான் அவரோடு போய் வாழ முடியும். வேடிக்கை இல்லை, உண்மையாகவே அப்படித்தான் முடிவாகியிருந்தது.

அவர் என் அத்தை மகன். ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. பிறந்தது நெசவுக் குடும்பத்தில்தான், ஆனால் அவரால் தறியில் உட்கார முடியாது. குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் சற்று நேரத்தில் எழுந்துவிடுவார். தெருமுனை வரை போவார், வருவார், மறுபடி உட்காருவார், மறுபடி எழுந்துவிடுவார். "ஒரே எடத்துல குந்திகினு கீறது எனுக்கு மூச்சு முட்டுது" என்பார். எனக்கு அது புரிந்தது. நானும் அதே ரகம். ராட்டையைச் சுற்றும்போதே கால் ஆடிக்கொண்டிருக்கும். அம்மா தொடையில் ஒன்று வைப்பாள்.

ஐப்பசியில் மலையடிவாரத்தில் செடி நட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. நன்றாக நடுகிறார் என்று அவரையே அந்தச் சரிவுக்குக் காவலாகப் போட்டுவிட்டார்கள். கூலி வேலைதான். ஆனால் வனத்துறை ரேஞ்சர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாராம்: "கோடை தாண்டி இந்தச் செடிங்க நிக்கட்டும், உன்னை பர்மனென்டுக்கு எழுதறேன்." வீட்டுக்காரர் அதைச் சொல்லும்போது நின்ற இடத்தில் நிற்கவில்லை. நானும் கூடவே நடந்துகொண்டு கேட்டேன்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா மறுநாளே நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்தார். என் பாத்திரங்களை அவரே சாக்கில் கட்டினார்.

"காட்டுல குடிசையில என் பொண்ணு இருக்க மாட்டா. பர்மனென்ட் ஆவட்டும். நானே இட்டாந்து வுடறேன்."

"நான் இன்னா பாவா நைனா? மொதலாளி நெய்யக் குடுத்துட்டு, பிடிக்கலன்னு திருப்பி எடுத்துகினு போறதுக்கு?" என்று கத்தினேன்.

"ஆமா, பாவுதான். நடடி" என்றார்.

என் வீட்டுக்காரர் அவர் அக்காள் மகன். சின்ன வயதிலிருந்து மாமா மாமா என்று பின்னால் சுற்றியவர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இருவர் மேலும் கோபம். அன்று சாக்கை நான் தூக்கவே இல்லை. நைனாவே தூக்கிக்கொண்டு வந்தார்.

அதிலிருந்து என் பிழைப்பு வானத்தைப் பார்ப்பதாகிவிட்டது. வீட்டுக்காரர் முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் போளூர் பஸ்ஸில் வருவார். மனுஷன் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நான் கேட்கும் முதல் கேள்வி "செடி எப்படி கீது?" என்பதுதான். "சாப்ட்டியான்னு கேளுடி மொதல்ல, அப்பறம் உன் சக்களத்திங்கள விசாரிக்கலாம்" என்று அம்மா சிரிப்பாள்.

தை மாதத்தில் நன்றாக இருக்கிறது என்றார். மாசியில், மதிய வெயிலுக்கு இலையெல்லாம் தொங்கிப்போகிறது, சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடுகிறது என்றார். அடுத்த முறை வந்தபோது, சாயங்காலமும் நிமிர்வதில்லை என்றார். கீழ் இலையிலிருந்து பழுத்துக்கொண்டு வருகிறதாம். முதலில் அடியில் இருப்பது விழும், பிறகு நடுவில் இருப்பது, கடைசியில் நுனி. பங்குனி பிறந்தபோது ஒன்றிலும் இலை இல்லை. இலை போன பிறகு தண்டு நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. வாரா வாரம் கருகல் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. அவர் விரலை நீட்டி, இதுவரைக்கும் வந்துவிட்டது, இதுவரைக்கும் வந்துவிட்டது என்று காட்டுவார். எனக்கு அந்த விரலைப் பார்க்கவே பிடிக்காது.

"தண்ணி ஊத்த வேண்டியதுதானே?"

"எங்க கீது தண்ணி? குட்டையிலயே மாடு குடிக்கற அளவுக்குத்தான் கீது. சரிவு பூரா நான் ஒண்டியா எத்தினி கொடம் தூக்கறது?"

பொறுக்க முடியாமல், போளூரில் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு ஒருநாள் போய்ப் பார்த்தேன். மலை முழுக்க மொட்டையாக நின்றது. பெரிய மரங்களே இலை கொட்டி நிற்கும்போது இந்தப் பொடிசுகளைச் சொல்வானேன். ஓரமாக நட்டிருந்த வேம்பு மட்டும் தூசி படிந்த பச்சையோடு பிழைத்திருந்தது. வேங்கை வரிசைகளில் வெறும் குச்சிகள். ஒன்றின் நுனியைத் தொட்டேன், பட்டென்று ஒடிந்து கையோடு வந்துவிட்டது. அவர் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "செத்துப் போச்சாங்க?" என்றேன். "தெர்ல" என்றார். "தெர்லன்னா? இங்கயே குந்திகினு கீறீங்க, தெர்லன்றீங்க?" என்று அவரிடம் பாய்ந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம் கொட்டிவிட்டேன். "எல்லாம் குச்சியா நிக்குது. இனிமே பர்மனென்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நிம்மதியா நெய்ங்க. ராட்டை சுத்த உங்களுக்கு ஆயுசுக்கும் ஆள் கெடச்சிடுச்சி."

நைனா கையிலிருந்த நாடாவை, குறுக்கிழை ஓடும் அந்தக் கட்டையை, அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன் வாழ்க்கை கெடணும்னா நான் நெனச்சிகினு கீறேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

நைனா எப்படிப்பட்ட நெசவாளி என்பதை இங்கே சொல்ல வேண்டும். கோடையில் வெயில் ஏற ஏறப் பட்டு முறுகிக்கொண்டு அறும். ஈரச்சாக்கைத் தறிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, தரையெல்லாம் தண்ணீர் தெளித்து நெய்வோம். அப்படியும் அறும். சிலர் ஓர் இழைதானே என்று விட்டுவிட்டு மேலே நெய்வார்கள். அந்த இடத்தில் சேலை முடிகிற வரைக்கும் ஒரு கோடு ஓடும். நைனாவால் அதைச் சகிக்க முடியாது. அறுந்த நிமிஷமே நிறுத்தி, அறுந்ததை எடுத்து எறிந்து, புது இழை பிணைத்து, விரலால் தடவிப் பார்த்து, பிறகுதான் அடுத்த நாடா. "அறுந்தத பாத்துகினே எப்டி நெய்றானுங்க?" என்பார். அவருக்கு உலகத்தில் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ரேஞ்சர் வைகாசிக்குள் வந்து கன்றுகளைப் பார்வையிடப் போகிறார் என்று வீட்டுக்காரர் செய்தி கொண்டுவந்தார். மறுவாரம் நைனா தறியை நிறுத்திவிட்டார். பங்காளிகள் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். போளூருக்குப் பக்கத்தில் இருந்த நாற்றங்காலில், நட்டது போக மீந்த வேங்கைக் கன்றுகள் பாலித்தீன் பைகளில் இருந்தன. அங்கே கிணறு உண்டு, தினமும் தண்ணீர் உண்டு. கன்றுகள் கொழுகொழுவென்று பச்சையாக நின்றன. நைனா யாரிடம் என்ன பேசினாரோ, அவற்றை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டார்.

"அறுந்தத எடுத்துட்டு புதுசு பிணைக்க வேண்டியதுதான். ஆபீசர் வந்து பாக்கட்டும், ஒரு கோடு தெரியக்கூடாது" என்றார். சித்தப்பாவும் மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். எல்லாருமே நெசவாளிகள், எல்லாருக்குமே அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது. சோறு ஆக்கிப்போட நானும் வண்டியோடு போனேன். அன்றைக்கு நைனா மேல் எனக்கு அவ்வளவு பாசம் வந்தது.

நாங்கள் போன நேரத்தில் வீட்டுக்காரர் அங்கே இல்லை. மலையின் மறுபக்கம் காட்டுத்தீ வராமல் இருக்கச் சருகு கூட்டி எல்லைக்கோடு போடுகிறார்கள், அங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று ஆடு மேய்க்கிறவள் ஒருத்தி சொன்னாள். நைனா காத்திருக்கவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கயிறு கட்டி வரிசை பார்த்தார். "ம், ஜல்தி ஜல்தி" என்று விரட்டினார். நெய்கிறவர்கள் கையில் கடப்பாரை பிடித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

குச்சிகள் பிடுங்க வரவில்லை. சித்தப்பா ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது ஒடிந்தது, அவர் மல்லாக்க விழுந்தார். பிறகு கடப்பாரையால் நெம்பினார்கள். மேலே சுண்டுவிரல் கனத்தில் காய்ந்த குச்சி. மண்ணுக்குள் கட்டைவிரலை விடத் தடித்த வேர், கிழங்கு மாதிரி, கீழே எங்கேயோ போய்க்கொண்டே இருந்தது. கடைசி வரை ஒன்றையும் முழுதாக எடுக்க முடியவில்லை. நடுவில் முறிந்துதான் வந்தது. முறிந்த இடம் ஈரமாக, சிவப்பாகக் கசிந்தது.

நைனா அதை விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். நூல் சாயம் நிற்குமா என்று பார்க்கிற அதே தேய்ப்பு. விரல் சிவந்தது.

"சாயம் வுடுது. உள்ள அழுவிப் போச்சி" என்றார்.

"நைனா, செத்தது இப்டியா பூமிய புட்ச்சிகினு இருக்கும்?" என்று கேட்டேன்.

"உங்க அத்தை செத்தாலும் இப்டித்தான் என் சட்டைய வுடமாட்டா" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

உச்சி வெயிலுக்குள் பாதிச் சரிவு முடிந்துவிட்டது. என்ன சொன்னாலும், பார்க்க அழகாக இருந்தது. கயிறு பிடித்த வரிசையில் பச்சைப் பசேலென்று கன்றுகள். மீதிப் பாதியில் கருகிய குச்சிகள். நைனா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வீட்டுக்காரர் மேட்டுக்கு மேலே தெரிந்தார். முகமெல்லாம் சாம்பலும் வியர்வையும். ஓடி வந்தார். வந்து, பிடுங்கிப் போட்டிருந்த குவியலைப் பார்த்தார்.

"யாரக் கேட்டு மாமா?"

"யாரக் கேக்கணும்? உனுக்குத்தான மாப்ள செய்றேன்."

"நான் நட்டது மாமா இது."

"செத்துப்போச்சிடா!"

"செத்துதோ கித்துதோ, நான் நட்டது. மீதிய தொடாதீங்க." அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குச்சி வரிசைக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். அவை பிழைத்திருக்கின்றன என்று அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரே. சும்மா நின்றார்.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆக்கிய சோற்றை யாரும் தொடவில்லை. வரும்போது வழியெல்லாம் நைனா, "நல்லது செய்யப் போனேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு பேரையுமே அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

வைகாசியில் ரேஞ்சர் வரவில்லை. வேறு வேலையாக எங்கேயோ போய்விட்டாராம். வீட்டுக்காரர் குட்டையில் இருந்த கடைசித் தண்ணீரையும் சுமந்து சுமந்து நைனா நட்ட கன்றுகளுக்கு ஊற்றினார். குட்டை சேறானது, பிறகு சேறும் வெடித்தது. அந்தப் பச்சைக் கன்றுகளுக்குத் தாகம் என்றால் என்னவென்றே தெரியாது. தினமும் குடித்து வளர்ந்தவை. பைக்குள்ளேயே சுருண்டு கிடந்த வேர். பழைய கன்றுகள் கீழ் இலையை உதிர்த்து, மேல் இலையை உதிர்த்து, ஒவ்வொன்றாகக் கைகழுவிக்கொண்டு வந்தனவே, அந்த மாதிரி ஒன்றையும் இவை விடவில்லை. அத்தனை இலையையும் கட்டிப்பிடித்தபடி ஒரே வாரத்தில் அப்படியே வெந்துபோயின. இலை உதிரக்கூட இல்லை என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். நைனா முகம் காட்டாமல் நெய்துகொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அம்மா தட்டை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது இரண்டு பாதியும் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். என் இருப்பு எனக்கே வெறுத்துவிட்டது. ராட்டையில் உட்காருவேன், எழுந்திருப்பேன், கொல்லைக்குப் போவேன், தெருவுக்கு வருவேன். "குட்டி போட்ட பூனையாட்டம் இன்னாத்துக்குடி அலையற?" என்று அம்மா கத்துவாள். புருஷன் இருந்தும் இல்லாதவளாய் ஓர் ஆயுசை எப்படி ஓட்டுவது என்று பயந்து பயந்து செத்தேன்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் வானம் திடீரென்று இருட்டிக்கொண்டு அடித்தது மழை. தெருவில் நூல் காயப்போட்டிருந்தார்கள். ஒரே கூச்சல். சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு, "போச்சி, போச்சி" என்று ஓடினார். நான் அவருக்கு நூலை வாரிக் கொடுத்துக்கொண்டே சிரித்தேன். "உனுக்கு பைத்தியமா புட்ச்சிகீது?" என்று திட்டினார். நனைந்து ஒழுகிக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன். இந்த மழை மாசியில் வந்திருக்கக் கூடாதா என்று அழுகையும் வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நல்ல மழை பெய்தது.

மழை தொடங்கியதிலிருந்து வீட்டுக்காரரால் ஊருக்கு வர முடியவில்லை; ஆனி கடைசியில், ரேஞ்சர் வருகிறார் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். நைனா, "நானும் வரேன். பெரியவங்க ஒருத்தர் நின்னா ஒரு மரியாதை" என்று கிளம்பினார். என்னையும் கூட்டிக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப் வந்து நின்றிருந்தது. சரிவில் கால் வைத்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நைனா நட்ட பாதி பழுப்பாக, வறுத்த இலையோடு கிடந்தது. அவர் தொடாத பாதி பச்சையாக இருந்தது. குனிந்து பார்த்தேன். கருகிய குச்சி அப்படியே கருகித்தான் நின்றது. அதன் காலடியில், மண்ணிலிருந்து, பென்சில் கனத்தில் ஒரு புதுத் தளிர் கிளம்பியிருந்தது. பக்கத்தில் பார்த்தேன், அதிலும். அடுத்ததில் இரண்டு. வரிசை வரிசையாக எல்லாவற்றிலும். "ஐயோ சாமி!" என்று கத்திவிட்டேன். ரேஞ்சர் திரும்பிப் பார்த்தார்.

அவர் சின்ன வயசுக்காரர், கண்ணாடி போட்டவர். குந்தி உட்கார்ந்து விரலால் மண்ணை ஒதுக்கி ஒரு தளிரின் அடியைக் காட்டினார். "வேங்கை சின்னதுல இப்படித்தான்ம்மா. தண்ணி இல்லாட்டி மேல இருக்கறதையெல்லாம் விட்டுடும். வேரை மட்டும் காப்பாத்திக்கும், கீறினா சிவப்பா பால் கசியும். மழை வந்தா கீழ இருந்து திரும்ப வரும். சில வருஷம் இப்படியே செத்துச் செத்துப் பிழைக்கும். வேர் நல்லா தடிச்சதும் ஒரு வருஷம் சரசரன்னு மேல போயிடும்" என்றார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நைனா எனக்குப் பின்னால் நின்றார்.

ரேஞ்சர் எழுந்து மறுபாதிக்குப் போனார். கயிறு பிடித்த வரிசையைப் பார்த்தார். ஓரத்தில் குவிந்து கிடந்த முறிந்த வேர்களைக் காலால் புரட்டினார். அவர் முகம் மாறியது.

"இதை யார் புடுங்கினது?"

நைனா நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

"நான்தாங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீயா? உயிரோட இருந்ததைப் புடுங்கிட்டு, நாற்றங்கால் கன்றைக் கொண்டாந்து சொருகினியா? நான் பார்த்து ஏமாறணும்னா?"

"தெரியாம பண்ணிட்டேன் சார்."

ரேஞ்சர் அதற்குமேல் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "கூலிக்கு இருக்கறதுன்னா இரு. நான் பர்மனென்டுக்கு எழுத முடியாது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். நைனாவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஜீப் போய்விட்டது. நைனா யார் முகத்தையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அவரோட போ, ஒண்டியா வுடாத" என்று கையைக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனுஷனை அங்கே அப்படியே விட்டுவிட்டு வந்த என் மனது பட்ட பாடு இப்போது நினைத்தாலும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நைனா தறியில் உட்கார்ந்தார், நெய்யவில்லை. அம்மா என்னிடம் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சண்டை போடவில்லை. எனக்குச் சண்டை போடத் தோன்றாமல் போன ஒரே சமயம் அதுதான்.

ஆடி பிறந்தது. அன்று காலையில் நான் எழுந்து வந்தபோது நைனா பரணிலிருந்து என் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தார். துடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, சாக்கில் போட்டார்.

"இன்னா பண்றீங்க?" என்றாள் அம்மா.

"பொண்ண இட்டுகினு போறேன்."

"ஆடியிலயா? தலை ஆடிக்கு புருசன் வூட்ல இருக்கறவளயே கூட்டியாந்து வெச்சிப்பாங்க. நீங்க வூட்ல இருக்கறவள கொண்டுபோய் வுடறீங்களா? தெரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும்" என்றார் நைனா.

தெரு சிரிக்கத்தான் செய்தது. சித்தப்பா வாசலுக்கே வந்து, "ஒரு மாசம் பொறுக்க முடியலயாடி உனுக்கு?" என்று என்னைக் கிண்டல் செய்தார். நைனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ்ஸில் கண்டக்டர், சாக்கை மேலே போடுங்கள் என்றதற்கு, வேண்டாம் என்று மடியிலேயே வைத்துக்கொண்டார். பர்மனென்ட் ஆகாமலே என்னை ஏன் கூட்டிப்போகிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் எங்கே மனம் மாறிவிடுவாரோ என்று அடக்கிக்கொண்டேன்.

குடிசை வாசலில் என் வீட்டுக்காரர் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தவர், சாக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு நைனாவைப் பார்த்தார்.

"மாமா, இன்னும் பர்மனென்ட் ஆவலயே" என்றார். ஏதோ நைனாவுக்கு மறந்துபோய்விட்டது மாதிரி.

நைனா சாக்கை இறக்கி வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆவவுடாம பண்ணது நான்தானடா" என்றார். "அந்த ஆபீசர் கேக்கும்போது நான் அங்கயேதான் நின்னுகினு இருந்தேன். என் ஒரு வார்த்தை. நான்தான் புடுங்கனேன், என் மாப்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு வார்த்தை. வாய் வரலடா. நீ சொல்லிட்ட. உன் மனசுல பாதிகூட எனுக்கு இல்லாம போச்சி."

"வுடுங்க மாமா."

"வுட முடியல. ரா பகலா வுட முடியல." நைனா என் கையைப் பிடித்து அவரை நோக்கித் தள்ளினார். "இவள வெச்சிக்க. எந்தக் காட்டுல வேணா வெச்சிக்க. நான் இனிமே கேக்க மாட்டேன்."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்காரர் எவ்வளவோ கெஞ்சினார். நைனா இருக்கவில்லை. தளிர் விட்டிருந்த பாதியைத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். அவர் வேட்டியை இரண்டு கையாலும் முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எந்தத் தளிரிலும் துணி பட்டுவிடாமல், ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தார். ஓர் இடத்தில் நின்று குனிந்து எதையோ பார்த்தார். தொடவில்லை. அவர் ரோட்டில் ஏறி மறைகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தோம்.